பழத்தை வாங்கிக்கொண்ட மரங்கொத்தி

ஆற்றங்கரைக் காட்டில், இலுப்பை மரப் பொந்து ஒன்றில் செவ்வந்தி என்ற கிளி குடியிருந்தாள். பொந்தைக் குடைந்தவர் அழகப்பன் என்ற மரங்கொத்தி. ஆகவே, வீட்டுக்காரர் அவர்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி அத்திப்பழம்தான் வாடகை. அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லாவிட்டால், அடுத்த பௌர்ணமிவரை குடித்தனம் தானாகவே தொடரும். போகிறவளோ, போகச் சொல்கிறவரோ, ஒரு பௌர்ணமியன்று நேரில் சொல்லிவிட வேண்டும்; அடுத்த பௌர்ணமியன்று பொந்து காலியாகும். இதில் என்ன குழப்பம்? அழகப்பனுக்குத்தான் குழப்பம்!

செவ்வந்தியின் குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மைனா வந்து, "பொந்தை எனக்குக் கொடுங்க. இரண்டு மடங்கு பழம் தரேன்!" என்றது.

அழகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "கிளியைக் காலி பண்ணச் சொல்லப்போறேன்" என்று அணிலிடம் சொன்னார். ஓணானிடம் சொன்னார். செவ்வந்தியைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்!

அணில் வாயிலாகச் சேதி செவ்வந்தியின் காதுக்கும் எட்டியது. "சொல்லித் தொலைச்சாலாவது வேற பொந்து தேடலாமே! இப்படிக் கழுத்தை அறுக்கிறாரே!"

பௌர்ணமி வந்தது. பயந்துகொண்டேதான் பழங்களை எடுத்து வைத்தாள். அழகப்பன் வந்தார். பழத்தைக் கண்டதும் வந்த வேலை மறந்துபோயிற்று. ஒன்றுவிடாமல் தின்றார், அலகைத் துடைத்துக்கொண்டார், பறந்துவிட்டார்.

மறுநாள் மைனாவோடு வந்து நின்றார். "ம், கிளம்பு! இன்னைக்கே காலி பண்ணு!"

"எப்போ சொன்னீங்க அண்ணாச்சி?"

"காட்டுக்கே தெரியுமே!"

"காடா உங்களுக்கு வாடகை கொடுக்குது? நேத்து வந்தீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"பழம்... ரொம்ப நல்லாப் பழுத்திருந்துதே..."

"அட கடவுளே! ஒண்ணும் சொல்லாம வாடகையை வாங்கிட்டீங்க, குடித்தனம் தொடர்ந்துடுச்சு. அடுத்த பௌர்ணமிக்குச் சொல்லுங்க, அதுக்கடுத்த பௌர்ணமிக்குப் போறேன். அதுவரைக்கும் என் பிள்ளைங்க இங்கதான்!"

மைனா தலையில் அடித்துக்கொண்டது. "இவரை நம்பி நான் வேற குடிவரணுமா? ஆளை விடுங்க சாமி!" என்று ஆலமரத்துப் பக்கம் பறந்துவிட்டது.

அடுத்த பௌர்ணமி வந்தபோது குஞ்சுகள் கிளைக்குக் கிளை தாவிப் பழகிக்கொண்டிருந்தன. செவ்வந்தியே முதலில் பேசினாள். "அண்ணாச்சி, வர்ற பௌர்ணமியோட நான் காலி பண்றேன்."

"ஐயையோ! நீயும் போயிட்டா பொந்து சும்மா கிடக்குமே!"

"அதுக்கு நான் என்ன பண்ண? என் கடமை, முன்னாடியே நேர்ல சொல்லிட்டேன்!"

சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நாளில் சம்பந்தப்பட்டவரிடம் நேரில் சொல்லாமல், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவருக்கு நட்டம்தான் மிஞ்சும்.