ஆரல்வாய்மொழிக் காற்று

பால்துரைக்கு வயது ஐம்பத்தாறு. மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். ஓட்டிக்கொண்டே பேசுவார். அதைப் படம்பிடித்து இணையத்தில் போடுவார். வீட்டில் பத்து வார்த்தை பேசாத மனுசன் வண்டி ஏறினால் வாய் மூடுவதில்லை என்று மனைவி தங்கபுஷ்பம் கேலி செய்வாள்.

ஒலிப்பதிவு கற்றது நாகர்கோவிலில், ஜெசிந்தாவிடம். குருவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதனால் என்ன. டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

வண்டியில் காற்றுச் சத்தத்தை எப்படிக் குறைப்பது என்பதுதான் முதல் நாள் கேள்வி. மைக்கை ஹெல்மெட்டுக்குள் கன்னத்துப் பஞ்சுக்கு அடியில் வைக்க வேண்டும், அதற்கு நுரையில் ஒரு உறை போட வேண்டும், காற்று நுழையும் துளைகளை அடைக்க வேண்டும் என்றாள். செய்தார். குரல் சுத்தமாக வந்தது.

இந்த முறை வந்தவர் ஒரு பென்டிரைவை மேசையில் வைத்தார்.

மனைவியோடு போன கடைசிப் பயணத்தின் படமும் ஒலியும் அதில் இருந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்றாலைகளுக்கு நடுவே, பின்னாலிருந்து அவள் ஏதோ சொன்னாள். இவர் பேச்சை நிறுத்தவில்லை. பணகுடியில் டீ குடிக்க இறங்கியவள் அப்படியே சரிந்தாள். நெஞ்சுவலி அரை மணி நேரம் முன்னாலேயே தொடங்கியிருக்கும் என்றார் டாக்டர்.

வலிக்கிறது என்று சொன்னாளா, காற்றாடியைப் பாருங்கள் என்று சொன்னாளா? அவருக்கு அது தெரிந்தாக வேண்டும். மூன்று மாதமாகச் சரியான தூக்கமில்லை.

அவளுக்கும் ஒரு மைக் மாட்டியிருந்தார். பழையது. உறை கிடையாது. சேலையில் வெளியே குத்தியிருந்தது. ஏன் இப்படி என்று கேட்டாள் ஜெசிந்தா.

"பேசுறது நான்தானே டீச்சர்."

இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தாள். காற்றை எடுத்தால் குரலும் கூடவே போனது. ஒரு சொல் தேறவில்லை.

மூன்றாம் நாள் தன் வண்டியை எடுத்து, பின்னால் ஏறச் சொன்னாள்.

"எங்க டீச்சர்?"

"கணவாய்க்கு. எதையாவது சொல்லிக்கிட்டே வாங்க அண்ணாச்சி."

எண்பதில் ஓட்டினாள். காற்று அறைந்தது. பால்துரை பேசினார், கத்தினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் தலை திரும்பவில்லை. அவருக்கு அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. தொண்டை வறண்டுபோய், தண்ணீருக்காக அவள் தோளைத் தட்டினார்.

வண்டி உடனே ஓரம் கட்டி நின்றது.

"நான் சொன்னதுல என்னமும் கேட்டுதா டீச்சர்?"

"ஒரு எழவும் கேக்கல."

பால்துரை முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பம் எனக்கும் கேட்டிருக்காதுல்லா?"

"கேட்டிருக்காது."

தண்ணீரைக் குடித்தார். பாதியில் நிறுத்தினார்.

"கேக்கலேன்னா, பெறவு எதுக்கு வண்டிய நிப்பாட்டுனிய?"

ஜெசிந்தா ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"தோளைத் தட்டுனியள்லா அண்ணாச்சி. நீங்க சத்தத்தை மட்டுந்தான் பாக்கச் சொன்னிய. நான் படத்தையும் பாத்தேன். வண்டிக் கண்ணாடியில தெரியுது. அக்கா உங்க தோளை மூணு தரம் தட்டுதாவ."