மங்கை எழுதி வைத்தது

“அம்மா, புதுசாக்குறேன்னு உட்கார்ந்து, இருந்ததைத் தொலைச்சுட்டேன்.”

தன் முறை வந்ததும் தனகோபால் இப்படித்தான் ஆரம்பித்தார். பாயில் சரியாக உட்காரக்கூட இல்லை.

முசிறிக்கு மேற்கே, காவிரிக் கரையில் இருக்கிறது அருளம்மையின் மடம். மடம் என்று பெயர்தான். ஒரு ஓட்டு வீடு, ஒரு வேப்பமரம், நாலு பாய். அம்மாவுக்கு வயது நாற்பத்தாறு. தனகோபாலுக்கு அறுபத்து நாலு. ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருஷமாகப் புதன்கிழமை தவறாமல் வருகிறவர்.

“முதல்ல வழக்கம்,” என்றார் அம்மா.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கேள்வியோடு வந்தவர், தனக்கு முன்னால் கேட்டவர் என்ன கேட்டார் என்பதை முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் தன் கேள்வி.

தனகோபால் பெருமூச்சு விட்டார்.

“பூக்கடை சரசு கேட்டாங்க. மருமக நாலு நாளா முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறா, அது கோபமா அலுப்பான்னு தெரியலைன்னாங்க. சொல்லும்போது முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கிட்டே இருந்தாங்க.”

“அவங்களுக்கு முந்தி?”

“லாரி ஓட்டுற தம்பி. செத்துப்போன அப்பா கனவுல வந்து சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டுட்டுப் போறார், ஏன்னு கேட்டாரு.”

“உங்களை மாதிரி யாரும் காது கொடுக்கிறதில்லைங்க ஐயா,” என்றார் அம்மா.

அவ்வளவு வருத்தத்திலும் தனகோபாலுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது.

“சரி. எதைத் தொலைச்சீங்க?”

“எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் பழசும்மா. ‘இந்தப் பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, புதுசுக்கு மாறு’ன்னு தினமும் ஒரு கட்டம் வந்து நிக்கும். மங்கை மூணு மாசமா ஓசூர்ல மக வீட்டுல இருக்கா. சுகந்திக்கு ரெண்டாவது பிரசவம். அவ திரும்பறதுக்குள்ள புதுசாக்கி வெச்சு அசத்திடணும்னு நினைச்சேன்.”

“நல்ல நினைப்புதானே.”

“ரெண்டு நாள் உட்கார்ந்து, வீடியோ பார்த்துப் பார்த்து நானே பண்ணினேன். ‘பழைய புரோகிராம் எல்லாம் போயிடும், உங்க கோப்பு மட்டும் இருக்கும், சரியா?’ன்னு கேட்டுச்சு. சரின்னு அமுக்கினேன். வெள்ளையடிச்ச வீடு மாதிரி பளிச்சுனு திறந்துச்சு.”

“அப்புறம்?”

“மங்கை பேர்ல ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. உள்ளே நானூறு கோப்பு. எதைத் திறந்தாலும் தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமா அள்ளிக் கொட்டின மாதிரி கிடக்குது. புதுசாக்கும்போது ஏதோ வைரஸ் புகுந்துடுச்சுன்னு நினைச்சேன். மத்ததுக்கும் பரவிடக் கூடாதேன்னு மொத்தத்தையும் அழிச்சேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணினேன். முப்பத்தாறு வருஷம் பார்சல் ஆபீஸ். விலாசம் படிக்க முடியாத மூட்டையை நான் ஒரு நாளும் தேங்க விட்டதில்லை.”

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. உடனே வளைந்தும் போயிற்று.

“வைரஸ் இல்லையாம்மா. பிரிண்டரை இணைக்கத் தெரியாம ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரப் பொண்ணுகிட்ட பெருமையாச் சொன்னேன், இப்படி இப்படிப் பண்ணினேன்னு. அது தலையில கை வெச்சுக்கிச்சு. ‘அது பழைய தமிழ் ஃபாண்ட் சார். பழைய புரோகிராமோட சேர்ந்து ஃபாண்ட் போயிருக்கும். அதை மறுபடி போட்டிருந்தா அத்தனையும் தமிழாத் தெரிஞ்சிருக்கும்’னுச்சு. மீட்க முடியுமான்னு ரெண்டு நாள் போராடிப் பார்த்துச்சு. அந்த இடத்துல எல்லாம் புதுசு ஏறி உட்கார்ந்துடுச்சாம்.”

“அப்போ எழுத்து கெடலை.”

“கெடலைம்மா. அப்படியேதான் இருந்துச்சு.”

“உங்க கோப்பெல்லாம்?”

“அதை முன்னாடியே தனியா எடுத்து வெச்சுட்டேன். போட்டோ, வீட்டுப் பத்திரம், பென்ஷன் கடுதாசி.”

“அவங்களோடது?”

“அவ ஏதோ தட்டிக்கிட்டிருப்பாம்மா. காலையில விளக்கேத்திட்டு வந்து அரை மணி நேரம் உட்காருவா. சுகந்தி காலேஜ் படிக்கும்போது தட்டக் கத்துக் கொடுத்தா. அதுல இருந்து பதினோரு வருஷமா நடக்குது.”

“என்ன எழுதுவாங்க?”

தனகோபால் வேப்பமரத்தைப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் எந்த அறையில?”

“கூடத்துலதான்.”

“அப்போ நீங்க எங்கே இருப்பீங்க?”

“பக்கத்து நாற்காலியில. பேப்பர் படிச்சுக்கிட்டு.”

அம்மா, ஏதோ மறந்துவிட்டவர் போல, “பூக்கடை சரசு என்ன கேட்டாங்கன்னு சொன்னீங்க?” என்றார்.

தனகோபால் வாயைத் திறந்தார். வார்த்தை மாறாமல் நினைவிருந்தது. முந்தானைச் சுருள்கூட நினைவிருந்தது. அதனாலேயே சொல்ல முடியவில்லை.

“அதை விடுங்கம்மா,” என்றார். “வெள்ளிக்கிழமை மங்கை வர்றா. வந்ததும் குளிச்சு, விளக்கேத்திட்டு, நேரா அது முன்னாடிதான் உட்காருவா. நான் என்ன சொல்ல? தானாக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடவா? அவளுக்கு என்ன தெரியப்போகுது, நம்பிடுவா. அதுதான் பயமா இருக்கு.”

அவர் கொண்டுவந்திருந்த வாழைப்பழச் சீப்பு பக்கத்தில் இருந்தது. அம்மா பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். சுற்றியிருந்த செய்தித்தாளை மடியில் நீவி விரித்தார். படிக்க ஆரம்பித்தார்.

தனகோபால் காத்திருந்தார்.

“அம்மா, உண்மையைச் சொன்னா அவ மனசு என்ன பாடுபடும்?”

“ம்.”

“சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது.”

“ம்.”

“நாப்பது வருஷம் ஆகப்போகுதும்மா கல்யாணமாகி. அவகிட்ட நான் ஒரு பொய் சொன்னதில்லை.”

அம்மா தாளைத் திருப்பினார். சினிமா விளம்பரம் ஒன்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

தனகோபாலுக்குச் சுருக்கென்றது.

“அம்மா, நான் உங்ககிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன்.”

“கேட்குது,” என்றார் அம்மா, தலையைத் தூக்காமல். “நீ பாட்டுக்குச் சொல்லு.”

ஒன்பது வருஷத்தில் அம்மா அவரை ஒருமையில் பேசியதில்லை.

அது அம்மாவின் பேச்சே இல்லை. அந்த வார்த்தையை, அந்தத் தொனியை, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தக் குரலைத் தனகோபாலுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இதற்கு முன்னால் இந்தப் பக்கம் உட்கார்ந்து அதை அவர் கேட்டதில்லை.

அவர் எழுந்து கும்பிட்டார். அம்மா தாளைப் படித்துக்கொண்டேயிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மங்கையர்க்கரசி வந்து இறங்கினாள். கையில் இரண்டு பை, முகத்தில் பயண அலுப்பு.

“என்னங்க, அடுப்படி இவ்வளவு சுத்தமா இருக்குது? மூணு மாசமும் ஓட்டல் சாப்பாடுதானா?”

“ரசம் வெச்சேன்.”

“ரசம் வெச்ச கதையைப் பக்கத்து வீட்டுல கேட்டுக்கிறேன்.”

குளித்தாள். விளக்கேற்றினாள். கூடத்துக்கு வந்தாள்.

தனகோபால் தன் நாற்காலியில் உட்காரவில்லை. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தார்.

“ஐயோ, என்னங்க இது, கீழே உட்கார்ந்துக்கிட்டு? முட்டி வலிக்கும்.”

“உட்காரு மங்கை, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

சொன்னார். புதுசாக்கியதையும், படிக்க முடியாமல் போனதையும், அழித்ததையும், கடைக்காரப் பெண் சொன்னதையும் சொன்னார். தன் கோப்புகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டதையும் விடவில்லை.

“எல்லாமேவா?” என்றாள் மங்கை.

“எல்லாமே.”

அவள் புடவைத் தலைப்பால் கீபோர்டைத் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை. காலையில்தான் அவர் துடைத்திருந்தார்.

“போகட்டும் விடுங்க. வேணும்னேவா பண்ணினீங்க? நல்லது பண்ணத்தானே உட்கார்ந்தீங்க.”

“திட்டு மங்கை.”

“திட்டி என்ன ஆகப்போகுது? காப்பி போடட்டுமா?”

“இரு.” அவள் எழுந்திருக்க விடாமல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். “அதுல என்ன எழுதியிருந்தே?”

மங்கை அவரைப் புதிதாய்ப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“இப்போ கேட்கிறீங்க பாருங்க!”

“சொல்லேன்.”

“பெருசா ஒண்ணுமில்லைங்க. எனக்கு என்ன, எட்டாங் கிளாஸ் படிப்பு. சுகந்தி கல்யாணக் கவலை, எங்கம்மா போனது, உங்களுக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. வாய்விட்டுச் சொல்ல வராததை எழுதிடுவேன். ஒவ்வொண்ணும் ‘ஏங்க’ன்னு ஆரம்பிக்கும்.”

“ஏங்கன்னா... எனக்கா?”

“அப்படி நான் வேற யாரைக் கூப்பிடுவேன்? பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கீங்க, என்னைக்காவது எட்டிப் பார்ப்பீங்கன்னு எழுத்தைக்கூடப் பெருசு பண்ணி வெச்சேன். கண்ணாடி போடாமலே தெரியட்டும்னு.”

தனகோபால் தரையைப் பார்த்தார். கேட்க வேண்டாம் என்று தோன்றியது. கேட்டார்.

“பதினோரு வருஷமுமா?”

“சேச்சே, அவ்வளவு நாள் எல்லாம் இல்லை. ஒரு மூணு வருஷம் இருக்கும்.”

“அப்புறம்?”

மங்கை பையைத் திறந்து, அழுக்குத் துணியைத் தனியாகப் பிரித்து வைத்தாள்.

“அப்புறம் ‘முருகா’ன்னு ஆரம்பிச்சேன்.”