பூட்டில்லாத போன்

செல்போன் பழுதுபார்க்கும் ஜமீலாவிடம் தேவசகாயம் தொழில் கற்கச் சேர்ந்தபோது குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபத்து மூன்று. தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லை. அதனால் கடையில் பேசுவார். வாய் ஓயாது.

பேச்செல்லாம் ஒன்றைப் பற்றித்தான். போன் என்றால் திறந்திருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியவனைக் கழற்றவும் மாற்றவும் விடாத கம்பெனியெல்லாம் ஒரு கம்பெனியா?

வெளிநாட்டிலிருந்து மகள் பிரிசில்லா அப்படிப்பட்ட கம்பெனியின் விலை உயர்ந்த போன் ஒன்றை அனுப்பியபோது, பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். மகள் கூப்பிட்டு அழுதாள். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அது நடந்து இரண்டு மாதம்.

அன்று கடைக்கு வந்தவர் திருப்புளியைத் தொடவே இல்லை.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?"

"பேரன் நடக்கறானாம், டீச்சர்."

"நல்ல செய்திதானே!"

"சம்பந்தி சொல்லித்தான் எனக்குத் தெரியுது. அதுவும் கடைத்தெருவுல வச்சு. அவர் வீடியோவே பாத்துட்டார்."

"உங்களுக்கு வரலையா?"

"மக அவங்க போன் ஆல்பத்துல போட்டிருக்காளாம். அந்தக் கம்பெனி போன் இருந்தாத்தான் பாக்க முடியுமாம். பெத்த அப்பன் வெளிய நிக்கறேன்."

ஜமீலா கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

"என் போனை வச்சுக்கிட்டே உள்ள போக ஏதாவது வழி இருக்கா? உங்களுக்குத் தெரியாததா?"

"உங்க பொண்ணையே கேக்கலாமே சார். வேற மாதிரி அனுப்பச் சொன்னா அனுப்பிட்டுப் போறாங்க."

"அவ கூப்பிட்டாக் கேக்க மாட்டேனா? ரெண்டு மாசமா ஒரு போன் கிடையாது. அந்தக் கம்பெனி கட்டின சுவத்துக்குள்ள போனவங்களுக்கு வெளிய இருக்கறவன் ஞாபகம் எப்படி வரும்?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. இருமி மறைத்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"போனைக் குடுங்க சார்."

அந்த நிலைமையிலும் பெருமை போகவில்லை. "பாருங்க. இதுல பூட்டுங்கறதே கிடையாது. ஒவ்வொண்ணும் நானே பாத்துப் பாத்து மாத்தினது."

ஜமீலா செட்டிங்ஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. போனை அவர் பக்கம் திருப்பி மேசைமேல் வைத்தாள்.

'தடுக்கப்பட்ட எண்கள்' என்றிருந்தது. அதன் கீழே ஒரே ஒரு எண். பிரிசில்லாவுடையது. அந்த எண்ணிலிருந்து வந்து, மணி அடிக்காமலே திரும்பிப் போன அழைப்புகள் முப்பத்தொன்று. கடைசி அழைப்பு அன்று காலை வந்திருந்தது.

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எண் அப்படியேதான் இருந்தது.

"அன்னிக்குக் கோபத்துல, ஒரு நாளைக்குன்னு..." என்று ஆரம்பித்தார். "அப்புறம் எடுத்துட்டேன்னு நெனச்சு..."



ஜமீலா சத்தம் போடாமல் கேட்டாள்.

"இந்தப் பூட்டு எந்தக் கம்பெனி போட்டது, சார்?"