பூசணியில் ஒரு பாடம்

மறுநாள் காலை ஆறுமுகப்பெருமாளுக்குக் காவி கொடுப்பதாக இருந்தது.

அந்த மலை ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி உடுக்கப் போகிறவர், விட்டு வந்த வீட்டாரில் ஒருவரிடமாவது நேரில் போய் விடை வாங்கி வர வேண்டும்.

"வாங்கியாச்சா, சார்?" என்று கேட்டார் குரு தவமணி அம்மா.

சீடருக்கு அறுபது வயது. குருவுக்கு அதைவிடக் குறைவு. ஒரு காலத்தில் கல்லூரியில் அவரிடம் இயற்பியல் படித்தவர். காவி உடுத்த பிறகும் 'சார்' மட்டும் போகவில்லை.

"கேட்க யாரும் இல்லை, அம்மா."

"உங்க வீட்டம்மா, வடிவு அக்கா, தென்காசியிலதானே இருக்காங்க?"

"பிரிஞ்சு பதினெட்டு வருஷம். அவளும் கூப்பிடலை, நானும் போகலை. எங்களுக்குள்ள ஒரு நூல்கூட மிச்சமில்லை."

"அப்போ நிம்மதியா இருக்கணுமே. முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே."



"தியானத்துல உட்கார்ந்தா அந்தக் கல்லூரிக் குவார்ட்டர்ஸ்தான் வருது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. வடிவு முருங்கைக்கீரை ஆய்ஞ்சுட்டிருந்தா. பொருள் ஏன் கீழே விழுது தெரியுமான்னு கேட்டேன். கனமான ஒண்ணுகிட்டே நெருங்க நெருங்கக் காலம் மெதுவாப் போகும், எது விழுந்தாலும் அந்த மெதுவான பக்கம்தான் விழும்னு சொன்னேன். 'அதான் இந்த ஞாயித்துக்கிழமை நகரவே மாட்டேங்கு. ரெண்டு பேரும் நல்லா விழுந்துல்ல கெடக்கோம்'னா."

தவமணி அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "நாங்க அரியர் வச்சுப் படிச்ச பாடம். அக்கா கீரை ஆய்ஞ்சுக்கிட்டே பாஸாகிட்டாங்க."

"இழுக்க ஒண்ணுமே இல்லாதப்போ, நான் ஏன் அங்கேயே போறேன், அம்மா?"

தவமணி அம்மா எழுந்து போய், மதியக் கூட்டுக்கு வைத்திருந்த மஞ்சள் பூசணியைத் தூக்கி வந்து சீடரின் மடியில் வைத்தார்.

"பூசணியோட நடு வயித்துல, பக்கத்துப் பக்கத்து வரியில ரெண்டு விரலை வைங்க. நேராக் கீழே கொண்டு போங்க. எந்தப் பக்கமும் திருப்பக் கூடாது."

அது அவரே வகுப்பில் நடத்திய பாடம். மாணவர்கள் சிரித்த பாடமும்கூட. ஆனாலும் சொன்னபடி செய்தார். விரல்கள் தத்தம் வரியில் இறங்கின. இறங்க இறங்க நெருங்கின. அடியில் ஒன்றையொன்று தொட்டன.

"எந்த விரல் திரும்புச்சு, சார்?"

"ரெண்டும் திரும்பலை."

"எது எதை இழுத்துச்சு?"

"இழுக்கலை. பரப்பு வளைஞ்சிருக்கு."

"அங்கே வானத்துல, வெளியையே வளைக்கிறது எது?"

"கனம்" என்றார். வகுப்பில் சொன்னதுபோல் அது வெளிவரவில்லை.

"காலையில முதல் பஸ் இருக்கு. அக்காகிட்டே விடை கேட்டுட்டு வந்துடுங்க. காவி எங்கேயும் போயிடாது."

ஆறுமுகப்பெருமாள் பூசணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மிக மெதுவாகக் கேட்டார்.

"ஒருவேளை அவ கொடுத்துட்டா?"

"கொடுத்தா வாங்கிட்டு வரவேண்டியதுதானே, சார். அதுக்குத்தானே போறீங்க?"

சீடரின் இரண்டு விரல்களும் பூசணியின் அடியில் ஒன்றையொன்று தொட்டபடியே இருந்தன.