ஆறாம் குடிலுக்கு யார் காவல்?

குன்றைச் சுற்றி வட்டமாக ஆறு ஓலைக்குடில்கள். ஆறாவதைத் தாண்டினால் மறுபடி முதல் குடில். கோடையில் காட்டுத்தீ வரும். ஒரு குடில் தூரத்திலிருந்து ஓடிவந்தால் அணைத்துவிடலாம். இரண்டு குடில் தூரம் என்றால் சாம்பலைத்தான் பார்க்கலாம்.

காவலுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று சீடன் மாசிலாமணி வாரக்கணக்கில் மணலில் கோடு போட்டான். இரண்டே பேர் போதும் என்றான். முதல் குடிலில் இன்னொரு சீடன் நன்னன், நான்காம் குடிலில் தான். எது எரிந்தாலும் அங்கேயோ பக்கத்திலோ ஆள் இருக்கும். கணக்கு சரிதான். அதைப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி உயிரை வாங்கினான்.

சித்திரையில் இரண்டாம் குடில் பற்றியது. சேகண்டி ஒலித்ததும் நன்னன் ஈரச்சாக்கோடு அங்கே ஓடினான். அவன் அணைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஆறாம் குடிலில் பொறி விழுந்தது. உள்ளே நடக்க முடியாத முதியவர் வாகீசர். மாசிலாமணி மூச்சிரைக்கப் போய்ச் சேர்வதற்குள் கூரை இறங்கிவிட்டது. குளித்துவிட்டு அந்த வழியாக வந்த குருதான் வாகீசரை வெளியே இழுத்துப் போட்டிருந்தார். குருவின் இரண்டு கைகளும் வெந்துபோயின.

மறுநாள் மாசிலாமணி குருவின் முன் வந்து நின்றான்.

"சாமி, இன்னொரு ஆள் வேணும்."

"ரெண்டு பேர் போதும்னு நீதானே சொன்னே?"

"நன்னன் எடத்தை விட்டுப் போனதால வந்தது சாமி."

"எரியுற குடிலுக்கு ஓடாம அவன் என்ன பண்ணணும்?"

"ஓடினது சரிதான். ஆனா அவன் போனதும் ஆறாம் குடிலுக்குப் பக்கத்துல ஆள் இல்ல. அங்க ஒருத்தரைப் போட்டா..."

"அவரும் ஓடினா?"

"இன்னும் ஒருத்தர்."

"ஆறு குடிலுக்கும் ஆறு பேரை நிறுத்திடு! அதுக்கு எதுக்குடா அத்தனை நாள் கோடு போட்டே?"

மாசிலாமணிக்கு ரோஷம் வந்தது.

"என் மேல தப்பு இல்ல சாமி. ஆறாம் குடில் பத்துற வரைக்கும் நான் என் எடத்தை விட்டு அசையவே இல்ல."

குரு கண்ணை மூடித் திறந்தார். இதற்கு மேல் பொறுக்க அவரால் முடியவில்லை. எழுந்து அவனுடைய மணல் வட்டத்தருகே போனார். அதில் காவலர்களாக இரண்டு கூழாங்கற்கள் கிடந்தன. கைகளில் கட்டு இருந்ததால், முதல் குடிலில் இருந்த கல்லைக் கால்விரலால் இரண்டாவதற்குத் தள்ளினார். பிறகு நான்காவதில் இருந்ததை ஐந்தாவதற்குத் தள்ளினார்.

சீடன் குனிந்து ஒவ்வொரு குடிலாகப் பார்த்தான். ஆறுக்கும் காவல் இருந்தது.

"சேகண்டி உனக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சாமி."

"நன்னன் ஓடுனது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அவன் நகர்ந்தான். நீ ஏன்டா நகரல?"