சின்னக் கை

மூக்கையா சந்தையில் வெங்காயம் விற்கிறவன். எட்டு வயதில் மூட்டை தூக்கப் போய், அடிபட்டு மிதிபட்டுத் தொழில் கற்றவன். அவனிடம் பேரம் பேசி ஜெயித்தவர் அந்தச் சந்தையில் கிடையாது. ஆறு வருஷமாக வாய்க்கால்கரை மண்டபத்துச் சாமிக்குச் சீடன். அவன்தான் கும்பிடக் கற்றானே தவிர, அவன் கோபம் இன்னும் கற்கவில்லை.

அன்று மழையில் பாதிச் சரக்கு அழுகிப்போயிற்று. மத்தியானமே கடையைக் கட்டிவிட்டு வந்து மண்டபத்துத் தூணில் சாய்ந்தான்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. பேரம் பேசாமக் கேளு."

"இல்லாத வீட்டுல பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரம் தானம் தர்மம் சொல்லிக் குடுக்கலாம்?"

"யாரு என்ன செஞ்சா?"

"சின்னவ பேச்சிதான். வாசல்ல யாரு வந்து நின்னாலும் ஒரு பிடி அரிசி போடுறது எங்க வீட்டு வழக்கம். இவ ரெண்டு கையாலயும் அள்ளிப் போடுறா. பானை அடி தெரியுது சாமி."

"சொல்லிப் பாத்தியா?"

"சொல்லாம? 'ஒரு பிடின்னா அம்மா பிடி. என் கை ரெண்டு சேந்தாத்தான் அம்மா பிடி'ங்கறா. எங்கிட்டயே அளவு பேசுறா! நேத்து ஒரு அறை விட்டேன்."

"ஆறு வயசுப் பிள்ளையை ஏன் அனுப்புற?"

மூக்கையா தலையைச் சொறிந்தான்.

"பொய் என்னத்துக்கு? அவ பிடி சின்னது. முன்னே பெரியவளைத்தான் அனுப்பினேன். அவ கை வளந்துபோச்சு."

சாமி சிரிக்கவில்லை. திருவோட்டை எடுத்தார்.

"நட."

மூக்கையா சேற்றில் பின்னாலேயே நடந்தான். தன் தெரு வந்த பிறகுதான் சாமி எங்கே போகிறார் என்று அவனுக்கு உறைத்தது. அதற்குள் சாமி அவன் வாசலில் நின்று கைமணியை ஆட்டிவிட்டார்.

மணிச்சத்தம் கேட்டால் ஓடிவரும் பேச்சி கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். பெரியவள் மாடத்தி உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"என்னையத்தான் கை பெருசாயிட்டுன்னு நிறுத்தியாச்சே" என்றாள்.

அடுப்படியிலிருந்து பெண்டாட்டி வெள்ளத்தாய் எட்டிப் பார்த்தாள். "வந்திருக்கது உங்க சாமி. நீங்களே போடுங்க."

மூக்கையா பானைக்குள் கையை விட்டான். நாலு வயிற்றுக்கு அன்றைக்குப் பொங்க இருந்தது அவ்வளவுதான். நிறையத்தான் அள்ளினான். கை மேலே வருவதற்குள் விரல் தானாக இளகியது. கொஞ்சம் பானைக்கே திரும்பியது. வாசல்படி தாண்டுமுன் ஒருமுறை நின்றான். திரும்பிப் போய் இன்னும் கொஞ்சம் உதிர்த்தான். தராசிலிருந்து ஒவ்வொரு வெங்காயமாகத் திருப்பி எடுத்துப் பழகிய கை.

திருவோட்டில் விழுந்த அரிசி அடியை மறைக்கவில்லை.

பேச்சி மெல்ல வந்து ஓட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அப்பாவின் கையைப் பிடித்தாள். விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள். ஒரு மணிகூட ஒட்டியிருக்கவில்லை.

"அப்பாவுக்குக் கை வலி சாமி" என்றாள். "நேத்து என்னைய அடிச்சாருல்ல, அதான் அள்ள முடியல."

உள்ளே ஓடினாள். இரண்டு கையும் சேர்த்து ஏந்தி, சிந்தாமல் நடந்து வந்தாள்.

"இது அப்பாவுக்காக."

வெள்ளத்தாய் உலையில் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினாள்.

சாமி நடக்கத் தொடங்கினார். தெருமுனைவரை மூக்கையா கூடவே போனான். முனையில் பழைய ஆத்திரம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே சாமி?"

சாமி திருவோட்டின்மேல் துண்டைப் போட்டு மூடினார்.

"சின்னக் கையாப் பார்த்துத்தானே அனுப்புவ? நாளையிலேருந்து அரிசி போட நீயே வா."