வண்டி திரும்பும் இடம்

தாடகை மலையின் அடிவாரத்தில், கால்வாய் நீர் வயல்களுக்குப் பிரியும் மடையை ஒட்டி ஒரு குடில். அதில் ஓர் அம்மை வாழ்ந்துவந்தார். மனம் குழம்பியவர்கள் அவரைத் தேடி வருவார்கள். சிலர் பதிலோடு திரும்புவார்கள். பலர் ஏதேனும் வேலையோடு திரும்புவார்கள்.

பூதலிங்கம் அவருடைய சீடர். ஆனால் அம்மையைவிட வயதில் மூத்தவர், பேரனைக் கண்டவர். ஆகவே அம்மை அவரை அண்ணாச்சி என்றே அழைப்பார்.

மழைக்கு முந்திய ஒரு காலையில் பூதலிங்கம் இரண்டு வண்ணத் தாள்களோடு வந்தார். ஒன்றில் சிவப்பு டிராக்டர், மற்றதில் நீலம். இரண்டும் சிறியவை, சிறு நிலக்காரர்களுக்கென்றே செய்யப்பட்டவை.

"சிவப்பா, நீலமா? நீங்கதான் அம்மா சொல்லணும். ஒரு மாசமாத் தூக்கம் இல்ல."

அம்மை தாள்களை வாங்கி ஆசையோடு பார்த்தார்.

"பின்னால தொங்குதே, அது என்ன?"

"ரோட்டவேட்டர். மண்ணப் புரட்டிப் பொடியாக்கும்."

"சிவப்பு எப்படி?"

"நல்ல இழுவை. சேத்துல நின்னு உழும். ஆனா நீளம். திரும்ப எடம் வேணும்."

"நீலம்?"

"குட்டை. நின்ன எடத்துலயே சுத்தும்னு கடைக்காரன் சத்தியம் பண்ணுதான். ஆனா நம்ம களிமண்ணுல இழுக்க முடியாம முக்கும்மா."

"இதுவரைக்கும் யாரு உழுதா?"

"வாடகை டிராக்டர்."

"அது இப்ப வராதா?"

"வராது."

"ஏன்?"

பூதலிங்கம் தாள்களை மடித்தார். "டிரைவர்மாருக்கு இப்பல்லாம் ரொம்பக் கொழுப்பு."

சொல்லிவிட்டு அவரே தரையைப் பார்த்தார். பிறகு குரல் தணிந்தது. "கன்னிப்பூ சாகுபடிக்கு நாத்து நடல அம்மா. வயல் தரிசாக் கெடக்கு. எங்க அப்பா காலத்துல அப்படி ஒரு போகம் கெடந்ததில்ல. கும்பப்பூவும் போச்சுன்னா நான் எந்த மொகத்தோட அந்த வழியா நடப்பேன்?"

அம்மை எழுந்து அரிவாளை எடுத்தார். தாளில் கண்ட நீளத்துக்கு, ரோட்டவேட்டரையும் சேர்த்துக் கணக்கிட்டு, இரண்டு மூங்கில்களை வெட்டினார்.

"வாங்க அண்ணாச்சி. வண்டிய ஓட்டிப் பாத்திருவோம்."

"வண்டி கடையிலல்லா நிக்கி?"

"இதுதான் வண்டி. நான் முன்சக்கரம்; நீங்க ரோட்டவேட்டர்."

பூதலிங்கத்தின் வயல் ஒரு நாடாவைப் போன்றது. சாலையில் தொடங்கிக் கால்வாயில் முடியும். தகப்பனார் காலமான பின் நிலத்தை நீளவாக்கில் பிரித்தார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் சாலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்பதற்காக. ஒரு நாடா பூதலிங்கத்துக்கு. பக்கத்து நாடா தம்பி தாணுவுக்கு. நடு வரப்பில் ஒரு தென்னை நின்றது. அதன் காய் யாருக்கு என்ற பேச்சு வளர்ந்து, சென்ற ஆண்டு பூதலிங்கம் வரப்பு நெடுகக் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டினார். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை.

அம்மை நீல வண்டியின் மூங்கிலை முதலில் எடுத்தார். முன்முனை அவர் தோளில். பின்முனை சீடரின் தோளில். கால்வாய்க் கரை வரை நேராகப் போனார்கள். அங்கே திரும்பினார்கள். மூங்கில் கம்பியை உரசிக்கொண்டு ஒருவாறு திரும்பியது. பூதலிங்கத்தின் ஒரு கால் கால்வாய்க்குள் போய்விட்டது.

"திரும்பிட்டு அம்மா!"

"ஆனா முக்கும்னு சொன்னீங்களே."

"அடுத்தது சிவப்பு" என்று அம்மை மற்ற மூங்கிலைத் தூக்கினார். நேராகச் செல்லும்போது சுகமாகத்தான் இருந்தது. திரும்பும்போது மூங்கில் கல்தூணில் மோதி நின்றது. பின்னுக்கு நகர்ந்து மறுபடி முயன்றார்கள். மறுபடியும் அதே தூண்.

வேலிக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள். தென்னை நிழலில் தாணு குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, மாட்டுக்குப் பதிலா மனுசனப் பூட்டியாச்சா? உழவு எப்படி? ஆழமா விழுதா?"

"வாயப் பொத்திக்கிட்டு இருக்கச் சொல்லுங்கம்மா" என்றார் பூதலிங்கம், வேலியைப் பார்க்காமல்.

"அந்தச் சிவப்பு இங்க திரும்பாதுன்னு அவங்ககிட்டச் சொல்லுங்கம்மா. நீலம் திரும்பும், சேத்துல இழுக்காது. ரெண்டையும் நான் ஓட்டிப் பாத்தாச்சு."

பூதலிங்கத்துக்குத் தோளில் மூங்கில் இருப்பதே மறந்துபோயிற்று. "இவன் எதுக்கு ஓட்டிப் பாத்தானாம்? கேளுங்கம்மா."

"எனக்கு மட்டும் வயல் தரிசாக் கெடக்கணுமாம்மா?"

அப்போதுதான் பூதலிங்கம் கம்பிக்கு அப்பால் கண்ணைச் செலுத்தினார். தம் வயலில் மண்டிய அதே கோரை தம்பியின் வயலிலும் இடுப்பளவு நின்றது. வாடகை வண்டி அங்கேயும் வரவில்லை. எப்படி வரும்? முன்பெல்லாம் அது இந்த நாடாவில் இறங்கி, கால்வாய்க் கரையில் அகலமாக வளைந்து, அந்த நாடாவில் ஏறும். டிரைவர்களுக்கு அண்ணன் வயல், தம்பி வயல் என்ற பேதம் இருந்ததில்லை.

தாணுவின் மடியிலிருந்து வண்ணத் தாள் ஒன்றின் முனை எட்டிப் பார்த்தது. சிவப்பு.

அம்மை தம் தோளிலிருந்த முனையை இரு கம்பிகளுக்கு இடையே நீட்டினார்.

"தம்பி, இதக் கொஞ்சம் பிடி. எனக்குத் தோள் வலிக்கி."

தாணு யோசிக்காமல் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். அம்மை கால்வாயில் இறங்கிக் கால் கழுவினார்.

"அம்மா, சிவப்பா நீலமான்னு நீங்க சொல்லவே இல்லியே?" என்று கேட்டார் பூதலிங்கம்.

"திருப்பிப் பாருங்க அண்ணாச்சி."

அண்ணன் இந்தப் பக்கம் ஓர் அடி வைத்தார். தம்பி அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தான். மூங்கில் பாதி திரும்பித் தூணில் இடித்தது. மேலே தென்னை ஓலை அசைந்தது. இருவரும் முனையை விடவில்லை.

தாணு அம்மையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "கல்லு இடிக்கின்னு அவங்ககிட்டச் சொல்லுங்கம்மா!"

அம்மை குடிலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

"நான் எதுக்குத் தம்பி? அவரு கம்போட அந்த முனையிலதான நிக்காரு."